காலி வராந்தாவுக்கு ஒரு கிள்ளு

திரையில் ஒரு மருத்துவமனை வராந்தா. ஒரு பக்கம் முழுக்கச் சாத்திய கதவுகள், கோடியில் விட்டுவிட்டு எரியும் குழல்விளக்கு. கையில் மருந்துத் தட்டோடு ஒரு நர்ஸ் நடந்து போகிறாள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. பின்னணி இசை மெல்ல ஏறிக்கொண்டே வந்து சட்டென்று அறுந்துபோகிறது. நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவ்வளவுதான். யாரும் வரவில்லை, மேலேயிருந்து எதுவும் விழவில்லை. பின்வரிசையில் ஒருவர் சாவகாசமாக இருமினார். ஆனால் இசை அறுந்த அதே நொடியில் அவன் மனைவி அவனுடைய மணிக்கட்டில் நகம் பதியக் கிள்ளினாள்.

அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கதவு கிறீச்சிடுவதும், கண்ணாடியில் இன்னொரு முகம் தெரிவதும், பூனை குறுக்கே பாய்வதும் என்று வருஷக்கணக்காக அரைத்த மாவையே அரைக்கிறவர்கள் நடுவில், ஒன்றுமே காட்டாமல் ஒரு மனுஷியைக் கிள்ள வைத்த டைரக்டர் ஒருவன் வந்துவிட்டான். விமர்சனத்தின் முதல் வரி அங்கேயே, அந்த இருட்டிலேயே, மனசில் விழுந்துவிட்டது. இடைவேளையில் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். அவள் கேட்காமலேயே வாங்கிக் கொடுத்தான் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

பேய்ப்படம் பார்ப்பதும் அதைப் பற்றி எழுதுவதும்தான் அவனுடைய பொழுதுபோக்கு. இணையத்தில் அவனுக்கு ஒரு பக்கம் உண்டு, அங்கே அவன் பெயர் 'பயந்தாங்கொள்ளி'. குசும்புக்கு வைத்துக்கொண்ட பெயர். உண்மையில் அவனுக்குப் பயம் அற்றுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வாலிபத்தில் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக் குளித்தவன்தான். அந்த நடுக்கத்தில் ஒரு ருசி இருந்தது. அந்த ருசிக்காகத் தேடித்தேடிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க ஒப்பனையும் ஒயரும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. ஒருநாள், தியேட்டரே அலறும்போது தான் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தான். அன்றைக்கு அவனுக்கு அழுகை வந்தது. பேய்ப்படத்தில் அழுத ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும்.

கல்யாணமான புதிதில், வேறு படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல், மனைவியை ஒரு பேய்ப்படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவள் அதற்கு முன்னால் அந்த வகைப் படமே பார்த்ததில்லை. கிணற்றுக்குள்ளிருந்து கை வந்தபோது அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து அப்படியே கிள்ளினாள். அந்தக் கிள்ளல் வழியாக, போயே போய்விட்டது என்று அவன் நினைத்திருந்தது திரும்பி வந்தது. அவளுடைய பயம் அவன் கையில் ஏறி, தோளில் ஏறி, கழுத்துப் பின்புறம் வரைக்கும் போனது. அதிலிருந்து அவன் தனியாகப் படம் பார்ப்பதை விட்டுவிட்டான். விமர்சனத்தில் நட்சத்திரம் போடுவதையும் விட்டுவிட்டுக் கிள்ளு போட ஆரம்பித்தான். மூன்று கிள்ளு வாங்கினால் பார்க்கலாம். நாலு வாங்கினால் கட்டாயம் பார்க்க வேண்டும். பக்கத்தைப் படிக்கிறவர்கள் அவன் எழுதும் ஒளிப்பதிவு, ஒலியமைப்பு வியாக்கியானங்களையெல்லாம் தாண்டிக் கடைசி வரிக்கு ஓடினார்கள். பயத்தை அளந்து சொல்கிறவள் என்பதால் அவளுக்கு அங்கே 'மீட்டரக்கா' என்று பெயரே விழுந்துவிட்டது. மற்ற விமர்சகர்களை விலைக்கு வாங்கலாம், மீட்டரை வாங்க முடியாது என்று ஒரு வாசகர் எழுதியதை அவன் பக்கத்தின் நெற்றியிலேயே ஒட்டி வைத்திருந்தான்.

மீட்டர் கெட்டுப்போகாமல் இருக்கச் சட்டங்களும் வைத்திருந்தான். முன்னோட்டம் பார்க்கக் கூடாது, யாரிடமும் கதை கேட்கக் கூடாது. அவனும் விமர்சனம் எழுதி முடிக்கும்வரை படத்தைப் பற்றி ஒரு வார்த்தை படிக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி, ஓரத்து இரண்டு இருக்கை, அவனுடைய இடது கை நடுவிலிருக்கும் கைப்பிடியில். சாமி கும்பிடுகிறவனுக்குக்கூட இத்தனை ஆசாரம் இருக்காது.

இத்தனைக்கும் அவன் வேலையே பொய்யைக் கண்டுபிடிப்பதுதான். ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் செவித்திறன் சோதனை செய்கிறான். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, 'பீப்' என்று கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே கருவியின் முன்னால் உட்கார்ந்துகொள்வான். வயதானவர்களுக்குக் காது கேட்கவில்லை என்பதில் அப்படி ஒரு வெட்கம். இரண்டு மூன்று தடவை ஒலி வந்ததும் அதன் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, கேட்காவிட்டாலும் குத்துமதிப்பாக விரலைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு அவனிடம் ஒரு வைத்தியம் இருந்தது. திடீரென்று ஒலியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். ஒன்றுமே அனுப்பாதபோதும் விரல் உயர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். "தாத்தா, நான் இப்ப சத்தமே குடுக்கலையே," என்பான் சிரித்துக்கொண்டே. அவர்களும் கையும் களவுமாக அகப்பட்ட பிள்ளைகளாட்டம் சிரிப்பார்கள்.

விமர்சனத்தை அன்று மாலையே எழுதினான். 'ஒன்றும் வராத வராந்தா' என்று தலைப்பு. இசையைச் சட்டென்று அறுத்ததை அசாத்தியத் துணிச்சல் என்று எழுதினான். பேயைக் காட்டிப் பயமுறுத்த யாராலும் முடியும், பேய் இல்லாததைக் காட்டிப் பயமுறுத்த மேதையால்தான் முடியும் என்று எழுதினான். நாலு கிள்ளு, அதில் வராந்தாவுக்கு விழுந்தது ரத்தம் கட்டிய கிள்ளு என்று எழுதி, மணிக்கட்டின் படத்தையும் போட்டான். எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். வராந்தா வந்த இடத்தில் மட்டும் மடிப்பதை நிறுத்தி, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அது அப்போது அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் பின்னூட்டங்கள் குவிந்து கிடந்தன. 'மூலைசீட்டு' என்ற பெயரில் எழுதும் பழைய வாசகர்தான் ஆரம்பித்து வைத்திருந்தார். "அண்ணே, முதல் நாள் அந்த வராந்தாவுல கூரையிலேர்ந்து ஒரு கிழவி விழுவா. பயங்கரமா இல்ல, காமெடியா இருக்குன்னு நிறைய பேர் கிண்டல் பண்ணவும் சனிக்கிழமையே வெட்டித் தூக்கிட்டாங்க. நீங்க துணிச்சல்னு எழுதினது கத்தரிக்கோல் தடம். அது போகட்டும், வெட்டின கிழவிக்கு மீட்டரக்கா எப்படிப் பயந்தாங்க?" அதற்குக் கீழே, வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. மீட்டரக்கா தீர்க்கதரிசி என்றார் ஒருவர். அடுத்த வாரப் படத்துக்கும் இப்போதே கிள்ளிவிடச் சொல்லுங்கள், டிக்கெட் காசு மிச்சம் என்றார் இன்னொருவர்.

கத்தரிக்கோலைத் துணிச்சல் என்று எழுதியதில் மூக்கு உடைந்தது வாஸ்தவம்தான். ஆனால் அது வலிக்கவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு கண்ணாடி அறைக்குள் ஒரு பெரியவரை உட்கார வைத்துச் சோதனையை ஆரம்பித்தான். வழக்கம்போல ஒலியை நிறுத்தினான். பெரியவர் விரலைத் தூக்கினார். இன்னும் நிறுத்தினான். மறுபடி தூக்கினார். அவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. பெரியவருக்கே சந்தேகம் வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான். "அந்தப் படத்தோட கதைய உங்கிட்ட யாராவது சொன்னாங்களா?"

"இல்லையே. யாரும் சொல்லல," என்றாள் அவள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. கேட்காத காதுக்காரர்கள்தான் இத்தனை வேகமாக விரலைத் தூக்குவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

அவள் ஒரு பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். எடை போட்டு, ரசீது கிழித்து, ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலை. அவன் அந்தப் பக்கம் போனதே கிடையாது. மறுநாள் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, அவள் மறந்து விட்டுப்போன குடையைச் சாக்காக எடுத்துக்கொண்டு போனான். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வெயிலில் குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு போகிறவனை இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே அட்டைப்பெட்டி வாசனை. உச்சவரம்பு வரைக்கும் பெட்டிகள். ஒட்டுநாடாச் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் போட்டிருந்த ஒரு பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளைப் பற்றி வீட்டில் பேச்சு வந்திருக்கிறது. டேப்பக்கா. மனைவியின் சிநேகிதி.

"அண்ணா, நீங்கதான பேய்ப்பட அண்ணா? போட்டோவுல கைய மட்டுந்தான் பாத்திருக்கோம். இப்பத்தான் முழுசா பாக்குறோம்," என்றாள் டேப்பக்கா. பின்னால் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "இருங்க, உள்ள இருக்கா, வருவா. ஆனா ஒண்ணு சொல்லணும். இனிமே அவ எங்ககூட படத்துக்கு வந்தா வாயில இந்த டேப்ப ஒட்டித்தான் கூட்டிட்டுப் போவோம். வெள்ளிக்கிழம அந்தக் கிழவி பொத்துனு விழுந்தா பாருங்க, உங்க வீட்டம்மா சிரிச்ச சிரிப்புல முன்சீட்டுக்காரர் எழுந்து வேற எடத்துக்குப் போயிட்டாரு. வாராவாரம் இதே கூத்துதான்."

அவனும் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் அது என்று தெரிந்ததால் சிரித்தான். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு அரை நாள்தான் வேலை என்பது அவனுக்குத் தெரிந்ததுதான். அந்த அரை நாளில் அவள் என்ன செய்கிறாள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. பெட்டி அடுக்குகளுக்கு இடையிலிருந்து அவன் மனைவி வந்தாள். குடையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், டேப்பக்காவைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "மழை வரும்னு நினைச்சேன்," என்று சொல்லிக் குடையைக் கவுண்டரில் வைத்துவிட்டு அவன் வெளியே வந்தான்.

நடந்தே வீட்டுக்குப் போனான். நடித்தாள் என்பதைக்கூட எப்படியாவது தின்று செரித்துவிடலாம் என்று தோன்றியது. அந்தச் சிரிப்புதான் தொண்டையில் முள்ளாக நின்றது. முன்சீட்டுக்காரர் எழுந்து போகிற அளவுக்குச் சிரிக்கிற ஒருத்தியை அவனுக்குத் தெரியாது. அவனோடு வாழ்கிறவள் பல் தெரியாமல் சிரிப்பவள். யாரோ ஒரு முன்சீட்டுக்காரருக்குக் கிடைத்த சிரிப்பு அவனுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அதைவிட, அவனுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்த பயம் அவள் கைவழியாக வந்ததுதான். இத்தனை காலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுத்துப் பின்புறம் ஏறிய குளிரெல்லாம் பழைய சோற்றைச் சூடுபண்ணிப் போட்டதா? எது நிஜம், எந்தப் படம் வரைக்கும் நிஜம்? பழைய விமர்சனங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ஒவ்வொன்றாக விழுந்தன. ஊரார் விரலையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன், தன் கையில் விழுந்த நகத்தை நம்பிவிட்டான்.

அவள் வந்தபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். அவள் விளக்கைப் போட்டுவிட்டு, குடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றான்.

"மொதல்ல நெஜமாத்தாங்க பயந்தேன். கிணத்துப் படத்துக்கெல்லாம் ஒரு வாரம் தூங்கல. அப்புறம் பழகிடுச்சு. பாத்துப் பாத்து உங்களுக்குப் போச்சுல்ல, எனக்கும் போகாதா?"

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லலன்னா நினைக்கிறீங்க? ஒரு பொம்மை வர்ற படம் பாத்தோமே, நான் ஒரு எடத்துலகூட கிள்ளல. வெளிய வந்து உடம்பு சரியில்லையான்னு கேட்டீங்க. நல்லாத்தான் இருக்கேன், பயமா இல்லன்னு சொன்னேன். வீடு வர்ற வரைக்கும் நீங்க பேசல. அந்த வாரம் விமர்சனமும் எழுதல. ஒரு வாரம் வீட்டுல எழவு விழுந்த மாதிரி இருந்துச்சு. பரீட்சையில ஃபெயிலான மாதிரி நான் சுத்திச்சுத்தி வந்தேன்." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிப் பிரித்தாள். "அதுக்கப்புறந்தான் முன்னாடியே போய்ப் பாக்க ஆரம்பிச்சேன். இஷ்டத்துக்குக் கிள்ளினா தப்பாப் போயிடும்ல. எங்க எல்லாரும் கத்துறாங்களோ அங்க மட்டுந்தான் கிள்ளுவேன். நீங்க எழுதுறது பொய்யாகிடக் கூடாதுன்னு அத்தன கவனமா பாத்துக்கிட்டேன்."

"அப்ப கிழவிக்குச் சிரிச்சியே, அதுக்கு எதுக்குக் கிள்ளின?"

"நான் சிரிச்சாலும் வெள்ளிக்கிழம மத்தவங்க கத்தினாங்களே," என்றாள். பிறகு, "வெட்டிட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? விழுற நேரம் வந்துச்சு, கிள்ளிட்டேன்."

அவனுக்குக் கோபம் வர வேண்டும் என்று இருந்தது. வந்திருந்தால் கத்திவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பான். "ஊரே சிரிக்குது. என்னை முட்டாளாக்கிட்ட," என்றான். சொல்லும்போதே அது பெரிதாகத் தோன்றவில்லை. "என்கூட உக்காந்து நடிச்சிருக்க. அவங்ககூடப் போய் சந்தோஷமா சிரிச்சிருக்க."

அவள் முந்தானையை விரலிலிருந்து விடுவித்தாள். "எங்க அண்ணன் வீட்டுப் புள்ளைங்க என்னை அத்தைன்னு கூப்பிட்டு நாளாச்சு, தெரியுமா? மீட்டருன்னுதான் கூப்பிடுதுங்க. காய்கறிக் கடைக்காரர் எத்தன கிள்ளுன்னு கேக்குறாரு. என் பயத்த ஊருக்கெல்லாம் பந்தி வெச்சீங்க, ஒரு வார்த்த கேட்டீங்களா? அதுகூடப் போகட்டும். இத்தன படம் பாத்தோம். ஒரு தடவையாவது திரும்பி என் முகத்தப் பாத்தீங்களா? கைய நீட்டி வெச்சுக்கிட்டு நேரா பாத்துக்கிட்டே இருப்பீங்க. பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்." அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் வழக்கம்போலத்தான் கேட்டது.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. நியாயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வலி குறைந்துவிடுமா என்ன. பல் பிடுங்கினது டாக்டர் என்பதற்காகப் பிடுங்கின இடம் வலிக்காமலா போகிறது. பக்கத்தைத் திறந்து பதில் எழுத உட்கார்ந்தான். பலவிதமாக எழுதி அழித்தான். கடைசியில், 'மீட்டருக்கு யாரோ கதையை முன்பே சொல்லிவிட்டார்கள், இந்தப் படத்துக்குக் கிள்ளு செல்லாது' என்று போட்டான். அந்தப் பக்கத்தில் அவன் அறிந்து எழுதிய முதல் பொய் அதுதான். அவளைக் காப்பாற்ற எழுதினானா, தன் மானத்தைக் காப்பாற்ற எழுதினானா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

அந்த வாரம் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். உப்பு, பால், தண்ணீர்மோட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது அவளும் கிளம்பி நின்றிருந்தாள். அவன் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை.

"வெள்ளிக்கிழம பாத்துட்டியா?" என்று கேட்டான்.

"பாத்துட்டேன்னு சொன்னா நம்புவீங்க. பாக்கலன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. நான் எதச் சொல்ல?" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

அதே தியேட்டர், அதே ஓரத்து இருக்கைகள். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் அவனுடைய இடது கை கைப்பிடிக்குப் போய்விட்டது. எடுத்துவிடலாமா என்று நினைத்தான், எடுத்தால் அதற்கும் ஓர் அர்த்தம் வந்துவிடும் என்று விட்டுவிட்டான். பூட்டிய வீடு, மாடிப்படி, மெழுகுவர்த்தியோடு ஒரு சிறுமி. இசை ஏற ஆரம்பித்தது. எங்கே விழும் என்று அவனுக்குத் தூக்கத்தில்கூடச் சொல்லத் தெரியும். இன்னும் நாலைந்து படி. மணிக்கட்டு தானாக எதிர்பார்த்து இறுகியது. அப்போது அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

தியேட்டர் முழுக்க ஒரே அலறலாக எழுந்தது. திரையில் என்ன வந்தது என்று அவன் பார்க்கவில்லை. அவள் முகத்தின் மேல் வெளிச்சம் வெள்ளையாக அடித்து, சிவப்பாக மாறி, அணைந்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். மடியில் அவளுடைய வலது கை அவளுடைய இடது மணிக்கட்டையே நகம் பதியப் பிடித்திருந்தது. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அது பயமா அடக்கிய சிரிப்பா என்று அந்த இருட்டில் அவனுக்குத் தெரியவில்லை. அவள் திரும்பவில்லை. கைப்பிடியில் அவன் கை மல்லாந்து கிடந்தது. அதன்மேல் படத்தின் வெளிச்சம் விழுந்து விழுந்து போய்க்கொண்டிருந்தது.